போதும் என்று சொல்லும் ஸ்பேனர்

சிட்டுவின் அப்பா எதை மூடினாலும் அதை வேறு யாராலும் திறக்க முடியாது.

அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். வருஷக்கணக்கில் பிசைந்து பிசைந்து கைகள் இரும்பாகிவிட்டன. சிட்டுவின் தண்ணீர் பாட்டிலை அவர் மூடிக் கொடுத்த நாளில், அது வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வரும். கடைசியில் விளையாட்டு ஆசிரியர்தான் முகம் சிவக்கச் சிவக்கத் திறந்து தருவார். அப்பா குழாயை மூடிவிட்டால், அம்மா பல் தேய்ப்பதற்கும் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும்.

அம்மாவுக்குத் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. அதற்கென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஓட்டுவது அம்மா, பார்த்துக்கொள்வது அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையானால் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்துவிடுவார். அவர் கேட்ட ஸ்பேனரைச் சிட்டு எடுத்துக் கொடுப்பாள். கேட்காத கதைகளையும் சொல்வாள். கன்னமெல்லாம் கரியோடு இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். வாரத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அதற்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது.

வேலைக்குப் போன வழியில், வண்டியிலிருந்து ஆயில் ஒழுகுவதை அம்மா பார்த்தார். உடனே நிறுத்தி, உச்சி வெயிலில் மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

என்ஜினுக்கு அடியில் ஆயிலை வடிப்பதற்கு ஒரு போல்ட் உண்டு. ஆயில் மாற்றியபோது அப்பா அதை இறுக்கோ இறுக்கென்று இறுக்கியிருந்தார். அந்த இறுக்கில், உள்ளே போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் மரை தேய்ந்து கெட்டுவிட்டதாம்.

மாலையில் அப்பாவும் சிட்டுவும் வண்டியை எடுக்கப் போனார்கள். மெக்கானிக் மாமா மரையைச் சரிசெய்துவிட்டு, நீளமான கைப்பிடி வைத்த ஒரு ஸ்பேனரால் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். உடனே கையை எடுத்துவிட்டார்.

அது என்ன சத்தம் என்று சிட்டு கேட்டாள். அதற்குப் பெயர் டார்க் ரென்ச் என்றார் மாமா. கைப்பிடியைத் திருப்பி, எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணில் வைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடுமாம். இந்த போல்ட்டுக்கு முப்பது, சக்கரத்து நட்டுக்கு அறுபத்தைந்து என்றும் சொன்னார்.

அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "இன்னிக்கு வண்டியை நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று சிரிக்கக்கூடச் செய்தார். அதுதான் அப்பாவை ரொம்பச் சுட்டது. ஸ்பேனர்களையெல்லாம் கோணியில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இனிமேல் வண்டியை மெக்கானிக்கே பார்க்கட்டும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கம் மட்டும் புரளவே இல்லை. சிட்டு அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா எல்லாத்தையும் அவ்வளவு இறுக்கறீங்க?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "பாட்டிலெல்லாம் பழக்கதோஷம். வண்டி அப்படியில்ல. அது அம்மா போற வண்டி. பாதி வழியில ஏதாவது கழண்டுடுச்சுன்னா? அந்த பயத்துல கை தானா இன்னும் ஒரு சுத்து சுத்திடுது" என்றார்.

சிட்டு யோசித்தாள். "அப்ப அந்த டக் ஸ்பேனர் ஒண்ணு வாங்கலாம்ப்பா. எப்ப நிறுத்தணும்னு அது பாத்துக்கும். நீங்க பயப்படவே வேண்டாம்."

அப்பா கட்டிலையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

கருவிக் கடையில் ஒரு அக்கா இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், இருப்பதிலேயே பெரிய டார்க் ரென்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளியாக மின்னியது. சிட்டுவின் கையைவிட நீளம். விலையைப் பார்த்து அப்பா எச்சில் விழுங்கினார். ஆனாலும், அம்மா வண்டிக்கென்றால் பெரியதாகவே வாங்கிவிடுவோம் என்றார்.

சிட்டு அதன் கைப்பிடியில் செதுக்கியிருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நாற்பதில் தொடங்கி இருநூற்றுப் பத்தில் முடிந்தது.

"அப்பா, நம்ம போல்ட்டுக்கு முப்பதுதானே? இதுல முப்பதே இல்ல."

கடைக்கார அக்கா குனிந்து பார்த்தார். ஆமாம், இது கார் சக்கரத்துக்கு ஆகிறது என்று ஒப்புக்கொண்டு, ஒல்லியான இன்னொன்றை எடுத்தார். அது இருபத்தைந்திலேயே முடிந்துவிட்டது.

சிட்டு கீழ்த்தட்டில் தேடினாள். பெட்டியின் மூலை நசுங்கிய ஒன்று கிடந்தது. பளபளப்பு இல்லை, வெறும் கறுப்பு. ஆனால் எண்கள் இருபதில் தொடங்கி நூற்றுப் பத்து வரை போயின. முப்பதும் இருந்தது, அறுபத்தைந்தும் இருந்தது. விலையோ பெரியதில் பாதிகூட இல்லை.

இப்போது அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவ்வளவு மலிவா இருக்கே. சரியாச் சொல்லுமா?"

"கேட்டுப் பாத்துடலாம்" என்றாள் சிட்டு.

மேசையில் ஒரு போல்ட்டை மாட்டித் தரும்படி அக்காவிடம் கேட்டாள். பெரிய ரென்ச்சிலும் இந்தச் சின்னக் கறுப்பு ரென்ச்சிலும் ஐம்பது வைக்கச் சொன்னாள். அப்பா முதலில் பெரியதால் முறுக்கினார். 'டக்'. அடுத்து அதே போல்ட்டில் சின்னதை வைத்து அழுத்தினார். போல்ட் நகரவே இல்லை, இதுவும் 'டக்' என்றது. போல்ட்டைக் கழற்றி, முதலில் சின்னது, பிறகு பெரியது என்று மாற்றியும் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே, இரண்டும் ஒரே அளவில்தான் 'டக்' என்றன.

"வாங்கறவங்க யாரும் என்னை இப்படி வேலை வாங்கினதில்ல" என்று சிரித்தார் அக்கா. சின்னதையே கட்டிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் எண்ணைக் குறைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த முறை ஆயில் மாற்றும் நாள் வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து கோணி வெளியே வந்தது. பழைய ஆயிலை வடித்து, போல்ட்டைக் கையால் மாட்டியபின், சிட்டு முப்பதைத் திருப்பி வைத்துக் கொடுத்தாள். அப்பா மெல்ல இழுத்தார்.

'டக்'.

அப்பாவின் கை அசையாமல் நின்றது. இன்னும் ஒரு சுற்றுக்கு அது தவிப்பது சிட்டுவுக்குத் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா, பாவமாக.

சிட்டு அவர் மணிக்கட்டின்மேல் தன் கையை வைத்தாள். "அது போதும்னு சொல்லிடுச்சுப்பா."

அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு ஒவ்வொரு விரலாகக் கைப்பிடியை விட்டார்.

மறுநாள் முழுக்க அம்மா அந்த வண்டியில்தான் சுற்றினார். மாலையில் வண்டி வீட்டுக்கு வந்து நின்றதும், சிட்டு என்ஜினுக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு வைத்தாள்.

விடிந்ததும் அப்பாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். ஹெல்மெட்டோடு வந்த அம்மாவுக்கு நாலு கால்கள்தான் தெரிந்தன.

"ரெண்டு பேரும் அங்க என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா அவசரமாக.

சிட்டு தலையை இன்னும் உள்ளே நீட்டி, தாளின் நாலு மூலையையும் நன்றாகப் பார்த்தாள்.

"நிஜமாவே ஒண்ணுமில்லம்மா" என்றாள்.