காயாத பால்

அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரமாகியும் பால் காயவில்லை. மருமகள் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. திரும்பினால், சமையலறை வாசலில் மாமியார். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ...

"இந்த வாரத்துல இது மூணாவது தடவை," என்றாள் மாமியார்.

அந்த நகரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் யாரோ மந்திரம் பழகுகிறார்கள். சட்டம் அதைத் தடை செய்து இருபது வருஷம் ஆகிறது. பிடிபட்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்தவர் யாருமில்லை.

வீட்டில் இருந்தது நாலே பேர். மாமியார், கீழ்த்தளத்தில் சலவைக்கடை நடத்தும் மகன், அவன் மனைவி, கல்யாணமாகாத தங்கை. மகனும் மகளும் தான் பெற்ற பிள்ளைகள். ஆகவே மாமியாருக்குச் சந்தேகப்பட ஒருத்திதான் மிச்சமிருந்தாள்.

மருமகளுக்கு உண்மை தெரியும். ஒரு மாதத்துக்கு முன் மொட்டைமாடிக்குப் போனவள், உலர்த்தியிருந்த விரிப்புகளுக்குப் பின்னால் நாத்தனாரைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் ஏதோ முணுமுணுக்க, கையிலிருந்த வெந்நீர் கண்ணெதிரே பனிக்கட்டியானது. அவள் விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. மருமகள் சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் பேச்சு குறைந்தது. மாமியார் மருமகளின் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்தாள். கணவன், அவள் நீட்டும் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடித்தான். நாத்தனாரோ அண்ணியின் முகத்தையே பார்க்காமல் வளைய வந்தாள். பயம் அவள் வாயைக் கட்டியிருந்தது.

ஒரு நாள் கணவன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்.

"நீயா, இல்லையான்னு மட்டும் சொல்லு."

இல்லை என்றால் அடுத்த கேள்வி யாரைப் பற்றி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலை குனிந்துகொண்டாள். அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். விஷயம் அதிகாரிகள் காதுக்குப் போகும் முன் சனிக்கிழமையே அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடும்படி சொன்னான். ஏழு வருஷம் கூட வாழ்ந்தவன்... அவள் அழவில்லை. துணிகளை மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கீழே பாய்லர் குழாய் வெடித்தது. பெண்கள் மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது கணவன் தரையில் கிடந்து அலறிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்து தோல் வழன்றிருந்தது. யாரும் எதுவும் சொல்வதற்குள் நாத்தனார் கடைக் கதவைச் சாத்தி, அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. அலறல் முனகலாகி அடங்கியது. சிவப்பு வடிந்தது. வழன்ற தோல் படிந்தது.

மாமியார் மகளின் நீலம் பாரித்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா இதே பாய்லர்ல வெந்து ஒன்பது நாள் துடிச்சாரேம்மா," என்றாள் மகள். "பார்த்துக்கிட்டே இருந்தேனே... அதுக்காகத்தான் கத்துக்கிட்டேன்."

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. அலறலைக் கேட்டு ரோந்து அதிகாரி வந்திருந்தார். மருமகள் முன்னால் நகர்ந்தாள். பழியைத் தானே ஏற்க அவள் தயாராக இருந்தது முகத்திலேயே தெரிந்தது. மாமியார் அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தாள்.

"குழாய் விட்டுப்போச்சுங்க. நல்லவேளை, இன்னும் பாய்லரைப் பத்தவைக்கல. பச்சைத் தண்ணிக்கே இந்தக் கத்து கத்துறான் என் பிள்ளை."

அதிகாரி கணவனின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய்லரையும் தொட்டுப் பார்த்தார். மாமியார் வாசலில் பேசும்போதே நாத்தனார் அதன் மேல் கையை வைத்துவிட்டிருந்தாள். அது குளிர்ந்து கிடந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் போய்விட்டார்.

மாமியார் கீழே உட்கார்ந்துவிட்டாள். தன் கணவன் சாகக்கிடந்தபோது மந்திரம் தெரிந்த ஒருத்தி வாசல் வரை வந்ததையும், சட்டத்துக்குப் பயந்து அவளைத் தானே விரட்டிவிட்டதையும் அன்றுதான் முதல் முறையாகச் சொன்னாள். அப்புறம் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏம்மா வாயைத் திறக்கல?"

"என்னை அனுப்பினா எங்கம்மா வீடு இருக்கு அத்தை. அவளுக்கு இந்த வீடு ஒண்ணுதானே..."

நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அத்தனை நாள் அழாத மருமகளும் அப்போதுதான் அழுதாள். மாமியார் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

கணவன் குணமான கைகளைப் பார்த்தபடி, நாளைக்குப் போகவேண்டாம் என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போறேன். நீங்க அனுப்பி இல்ல, நானா போறேன். பத்து நாள் இருந்துட்டு வர்றேன். அதுக்குள்ள என்கிட்ட என்ன கேட்டிருக்கணும்னு யோசிச்சு வைங்க."

மறுநாள் காலை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது மாமியார்தான். தெருமுனை வரை வேறு யார் கையிலும் அதைக் கொடுக்கவில்லை.