ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

"மகாராணி எழுந்தாச்சா? இல்ல, இன்னிக்கும் விரலுக்கு விடுமுறையா?"

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. படுக்கையறையில் மருமகள் விழித்துத்தான் கிடந்தாள். விழிப்பதற்கு விரல் தேவையில்லை. அதனால் அது மட்டும் அவளால் முடிந்தது. மற்றபடி ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மூட்டுகளில் சிமெண்ட் ஊற்றிப் பூசிவிட்டுப் போனதுபோல் இருந்தது உடம்பு. போர்வையை முழங்கையால் தள்ளினாள். கதவின் குமிழை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் திருப்பினாள். வெந்நீரில் கையை முக்கி, கணுக்கள் மனமிரங்கும்வரை காத்திருந்தாள்.

முடக்குவாதம். "உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது" என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது புரிவதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை.

வீட்டாருக்குப் புரியாதது வேறு விஷயம். வெயில் ஏறினால் அவள் நடமாடத் தொடங்குவாள். சாயங்காலம் சிரித்துக்கூடப் பேசுவாள். அவள் புருஷன் பூட்டுக்கடை வைத்திருந்தார். அவரிடம் வாங்கிய பூட்டைத் திறக்க முடியாமல் ஒரு குடும்பம் வீட்டையே விற்றுவிட்டுப் போய்விட்டது. வாங்கியவர்கள் இன்னும் ஜன்னல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் எதுவும் திறந்திருக்க வேண்டும், அல்லது பூட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒன்று கிடையாது.

"காலையில மரக்கட்டை, சாயங்காலம் மான்குட்டி! இது என்ன வியாதிடீ, ஷிஃப்ட் போட்டு வேலை செய்யுது?" என்றார் அவர்.

"நடிக்கணும்னா சாயங்காலம் நடிக்க மாட்டேனாங்க? நீங்க வீட்டுல இருக்கிற நேரம் அதுதானே!"

"கேட்டியாடா?" என்றார் மாமியார். "நடிக்கிறதுக்கு நேரம்கூடப் பார்த்து வெச்சிருக்கா!"

அவளுக்கு இருந்த ஒரே ஆதரவு ஒரு மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். "தப்பித்தவறியும் தினம் சாப்பிட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். பாட்டிலின் மூடியை அழுத்தித் திருக வேண்டும். அது அவளால் ஆகாது. அதனால் மாமியாரே திறந்து, ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் போடுவார். நாலு வீட்டுக்குக் கேட்கும்படி "இந்தா, உன் தீர்த்தம்!" என்றும் சொல்வார்.

மாமியாருக்கும் முழங்கால் வலி உண்டு. வயசானால் எல்லோருக்கும் வருகிற வலிதான். ஆனால் தனக்கு வந்ததால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை ஓடியது. இவள் சாயங்காலம் பறக்கிறாளே, எதனால்? எல்லாம் இந்த மாத்திரை கொடுக்கிற தெம்பு! ஆக, மருமகளின் நோய் பொய். மருந்து மட்டும் மெய். இந்த முடிவுக்கு வருவதில் அவருக்கு ஒரு தடங்கலும் ஏற்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மருமகளின் கையில் விழுந்தது மஞ்சள் நிறச் சத்து மாத்திரை. நிஜ மாத்திரை மாமியாரின் வாய்க்குள் போனது. நோயே இல்லாதவளுக்குச் சத்து மாத்திரையே அதிகம் என்பது அவர் கணக்கு.

மழை முடிந்து குளிர் வந்தது. மருமகளின் மணிக்கட்டுகள் வீங்கிப் பளபளத்தன. சாயங்காலங்களும் போயின. சீப்பைப் பிடிக்க முடியாமல் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டாள். தம்ளரை மார்போடு அணைத்துக் குடித்தாள். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கின.

வாரம் தவறாமல் வந்துபோகும் நாத்தனார் இதைப் பார்த்துக் கைதட்டினாள். எந்த வீட்டுச் சேதியையும் தெருவுக்கே ஒலிபரப்புவதால் அவளுக்கு 'வானொலி' என்று பெயர்.

"அண்ணி, முன்னாடியெல்லாம் காலையில மட்டும்தான் நாடகம். இப்ப முழு நாளும் நடத்துறீங்க போல!"

டாக்டரம்மாவுக்கும் குழப்பம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

பூட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க அம்மாவே கையில எடுத்துக் கொடுக்கறாங்க டாக்டர்! பெத்த பொண்ணுக்குக்கூட அப்படிச் செஞ்சதில்ல."

"ஆமாம்... அத்தைதான் கொடுக்கறாங்க" என்றாள் மருமகள். அவள் கண் கலங்கியது. அது நன்றிதான். அதுதான் கொடுமை.

இதற்கிடையில் மாமியாருக்கு முழங்கால் தேறவில்லை. டாக்டர்கள் கருமிகள் என்பது அவர் கட்சி. வாரத்துக்கு ஒன்று என்றால் எந்த வலி அஞ்சும்? தினம் ஒன்று போடத் தொடங்கினார். வலி போகாததால் காலைக்கொன்று, மாலைக்கொன்று. பாட்டில் தீர்ந்தால் மருமகளின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவர் வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டாலே துடித்தார். எத்தனையோ வருஷமாக ஓயாத அந்த நாக்கு ஓய்ந்தது. வீட்டில் விழுந்த அமைதியைக் கண்டு பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி.

"ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கு. ஏதோ மருந்துதான் காரணம். என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

பூட்டுக்காரர் விழித்தார். வானொலி விசும்பினாள். கட்டிலில் கிடந்த மாமியார் கூரையைப் பார்த்தார்.

வாயில் புண் வருகிறதா என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் மருமகளைக் கேட்டதுண்டு. அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. தன் விரல்கள் ஏன் சாய்ந்தன என்பதும் விளங்கியது. சொன்னால் பழி தன் தலையில் விழும். சொல்லாவிட்டால் அத்தையின் உயிர் போய்விடும்.

"டாக்டர்... அது என் மாத்திரை. மூட்டுக்குச் சாப்பிடறது. அவங்க வயித்துக்குள்ள போயிருக்கு. மாத்து மருந்து இருந்தா உடனே கொடுங்க!"

டாக்டர் ஓடினார். வானொலி அலறினாள்.

"கேட்டியா அண்ணா! இவளே ஒத்துக்கிட்டா! அம்மாவுக்கு விஷம் வெச்சுட்டாளே பாவி!"

"என்னடி கொடுத்தே எங்கம்மாவுக்கு?"

"நான் கொடுக்கலைங்க..."

"அப்ப அது எப்படிப் போச்சு? சரி, அவ்வளவு ஆபத்தான மாத்திரைன்னா ஏன் பூட்டி வைக்கல? ஊருக்கே பூட்டு விக்கறேன், என் வீட்டுல ஒரு பூட்டுக்கு வழியில்லையா?"

அவள் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கணுக்கள் வீங்கி, விரல்களெல்லாம் காற்றில் சாய்ந்த புல்லைப்போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"எந்தக் கையாலங்க பூட்டறது?"

பூட்டுக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். ஆனாலும் ஒரு வாரம் அவளுக்கு அந்த அறைக்குள் அனுமதியில்லை. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வானொலி உள்ளேயிருந்து கதவைச் சாத்துவாள். திறக்க மருமகளிடம் விரல் இல்லை.

வாய்ப்புண் ஆறியதும் மாமியார் பேசிய முதல் வார்த்தை புகாராகத்தான் வந்தது.

"அது என்னடா மாத்திரை? இத்தனை நாளா முழுங்கறேன், முழங்கால் தேறவே இல்ல!"

"நீங்களாவா முழுங்கினீங்க?" என்றார் பூட்டுக்காரர்.

"பின்ன? அவளுக்கு எதுக்கு? அவளுக்குச் சத்து மாத்திரை போட்டுட்டுத்தான் இருந்தேன்..." என்ற மாமியார், மகன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அந்த முகத்தில் அவர் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. சேதி கேட்டுப் பார்க்க வந்து அறை வாசலில் நின்ற டாக்டரம்மாவும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"உங்க மருமக வாயைத் திறந்ததாலதான் நீங்க இன்னிக்குப் பேசறீங்கம்மா" என்றார் அவர். "ஆனா அவங்க விரல் இனி நேராகாது. மருந்து இல்லாம போன மாசங்க போனதுதான்."

வீட்டுக்கு வந்த அன்று கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மாமியார் தட்டுத்தடுமாறி வந்து மருமகளின் கைகளைப் பற்றினார்.

"அடியே... உன்னைப் படுத்தாத பாடு படுத்திட்டேனேடி! என் உயிரைக் காப்பாத்தின கைடி இது! மன்னிச்சேன்னு சொல்லுடி!"

சொல்லச் சொல்லப் பிடி இறுகியது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் மாமியாருக்கு நல்ல தெம்பு வந்திருந்தது. கைகளைப் பிசைந்து, முறுக்கி, கண்களில் வைத்து அழுத்தினார். மருமகளின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது.

"பாருண்ணா, அண்ணிக்கு மனசு நிறைஞ்சு போச்சு!" என்று வானொலியும் அழுதாள். பூட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அந்தக் குடும்பத்தில் அப்படியொரு உருக்கமான காட்சி அதற்கு முன் நடந்ததில்லை.

"அத்தை..." என்றாள் மருமகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வலிக்குது."

மாமியார் சூடுபட்டவர்போல் கைகளை விட்டார். அழுகை நின்றது. நாத்தனாருக்கு ஏதோ வாய்வரை வந்தது. தாயின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். பூட்டுக்காரர் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, மருமகளின் மடியில் வைத்து, கைகளை அதன்மேல் தாங்கலாக எடுத்து வைத்தார்.

"எங்கெல்லாம்மா வலிக்குது?" என்றார் மாமியார். குரல் சின்னதாக இருந்தது.

அவள் சொல்லத் தொடங்கினாள். கழுத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாக, நிதானமாக, அழாமல் சொன்னாள். பாதம்வரை வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை.