எலும்பைத் தொடாத மடிப்புகள்

புத்தூரின் அந்தச் சிறிய மருத்துவமனையில் யாமினி பணிக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொது மருத்துவர். ஸ்கேன் படங்களைத் திருப்பதியில் இருக்கும் நிபுணர்தான் பார்த்துச் சொல்வார். அன்று சாயங்காலம் அடித்த மழையில் இணையமும் போனும் சேர்ந்தே போய்விட்டன.

மாமரத்திலிருந்து விழுந்து இரண்டு வாரம் கழித்து, தீராத தலைவலியோடு வந்திருந்தார் அப்பாவு. அவர் மனைவி செங்கம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பஸ் பூடும் டாக்டரம்மா. ஊட்டுக்கு இட்டுக்கினு போலாமா?"

"கொஞ்சம் வெளியில இருங்கம்மா. படத்தைப் பாத்துட்டு சொல்றேன்."

ரத்தக்கசிவு வெள்ளையாகத் தெரியும் என்று யாமினி படித்திருந்தாள். திரையில் வெள்ளை எங்கும் இல்லை. மூளை முழுக்க ஒரே சாம்பல் நிறம். நார்மல் என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

அறைக்குள் நனைந்த தலைமுடியின் வாடை வந்தது.

"இன்னொரு தபா பாரும்மா."

காதோரத்தில், மூச்சு படும் நெருக்கத்தில்.

செங்கம்மாதான் என்று திரும்பினாள்.

யாரும் இல்லை. கதவு சாத்தியே இருந்தது.

திரைப் பக்கம் திரும்பி மவுஸின்மேல் கையை வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சில்லிட்ட விரல்கள் அசைந்தன.

படங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன.

ஒன்றில் நின்றன.

கையை எடுக்காமலே பார்த்தாள். ஒரு பக்கம் மூளையின் மடிப்புகள் மண்டையெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. மறுபக்கம் தொடவில்லை. இடையே ஒரு பட்டை, மூளையின் நிறத்திலேயே ஒளிந்திருந்தது. மூளையின் நடுக்கோடும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பழைய ரத்தம். இரண்டு வாரத்தில் அதன் வெள்ளை மங்கி, மூளையின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது.

"செங்கம்மா! பஸ் வேணாம். தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. நம்ம ஆம்புலன்ஸ்ல இப்பவே திருப்பதிக்குப் போங்க!"

மறுநாள் மழை விட்டதும் செங்கம்மா போன் செய்தாள். ஆபரேஷன் முடிந்து அப்பாவு கண் விழித்துவிட்டார். அதன் பிறகுதான் ஸ்கேன் அறைக்குப் போய், அங்கே ஸ்கேன் எடுக்கும் வேணுவிடம் நடந்ததைச் சொல்ல யாமினிக்குத் தைரியம் வந்தது.

வேணு குரலைத் தாழ்த்தினான்.

"போன மழைக்கு தேவயானின்னு ஒரு அம்மா வந்தாங்க மேடம். அவங்களும் கீழ விழுந்தவங்கதான். அப்ப இருந்த டாக்டரு நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாரு. நகரி பஸ்ல போய்க்கினு இருக்க சொல்லவே உசுரு பூடுச்சு…"

கண்ணாடிக்கு அப்பால் ஸ்கேன் மெஷின் சுழலத் தொடங்கியது.

"நான் ஒண்ணுத்தையும் தொடல மேடம்."

படுக்கைப் பலகை காலியாக இருந்தது. ஆனால் திரையில் ஒரு தலையின் படம் வந்தது, பக்கவாட்டுத் தோற்றத்தில். மண்டையோடு, கண்குழி, மூடிய வாய்.

வேணு பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தான். மெஷின் நின்றது. திரை அணையவில்லை.

இரண்டாவது படம் வந்தது.

அதில் வாய் திறந்திருந்தது.