பழைய லைனில் பேசுகிறவள்

"இப்பத்தான சொன்ன, மறுபடி இன்னாத்துக்குச் சொல்ற?" என்று போனில் சிரித்தான் தௌசீஃப்.

கௌசர் வாயைத் திறந்ததே அப்போதுதான். மகள் ஆஃபியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதை ஷார்ஜாவிலிருக்கும் கணவனுக்கு அவள் சொன்னது இதுதான் முதல்முறை.

"எப்போ சொன்னேன்?"

"ரெண்டு நிமிசம் முன்ன. டேப்லெட்ல பேசசொல்லோ."

டேப்லெட் படுக்கையறையில் பழைய இன்டர்நெட் இணைப்பில் இருந்தது. அதில்தான் முதலில் கூப்பிட்டாள். படம் திக்கித் திக்கி நின்றது. ஒரு வார்த்தை பேசுமுன் வைத்துவிட்டாள். காலையில் புது இணைப்பு கொடுத்த ரகுபதி, "பழச உடனே கட் பண்ணாதக்கா, ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு எது நல்லா கீதோ அத வச்சுக்க" என்று சொல்லியிருந்தான். அதனால் கூடத்துக்கு வந்து, போனைப் புது இணைப்புக்கு மாற்றி மறுபடி கூப்பிட்டாள். இதில் அவன் தாடியின் நரைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

அந்திநேர மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்திருந்தது. டோல்கேட் பக்கம் கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டே நகர, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. வடக்கேயிருந்து வந்த காற்றில் மூக்கை அரிக்கும் ஆலை வாடை இருந்தது. அதனூடே, படுக்கையறையிலிருந்து, தேங்காயெண்ணெய் வாசனை மெல்ல வந்தது.

தௌசீஃப் பக்கத்தில் எதையோ எட்டி எடுத்தான். அவனுடைய இன்னொரு போன். அதன் வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுந்தது.

"டேப்லெட்லருந்து நீ மறுபடியும் கூப்புட்ற."

"நான் இங்க கீறேங்க. கூடத்துல."

அவன் அந்தப் போனைப் பார்த்தான். இவளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"அதுல நீ ஆஃபியாவ மடில வச்சிகினு கீற."

"அவ தூங்குறா! எடுக்காதீங்க, வச்சிடுங்க!"

அவன் வைக்கவில்லை. காதோடு ஒட்டிக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். பிறகு இவளிடம், முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல, தணிந்த குரலில் சொன்னான்.

"புது லைன்ல ஒருத்தி என்னாட்டமே பேசுவா, நம்பாதீங்கன்னு கௌசரு சொல்றா. யாரும்மா நீ?"

"நாந்தாங்க! உங்க கௌசரு!"

திரை இருண்டது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும். அவள் எண்ணையே பிளாக் செய்துவிட்டிருந்தான்.

சுவரோரம் இருந்த பழைய இணைப்பின் பெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். பச்சை விளக்குகள் அணைந்தன.

படுக்கையறையில் பேச்சு நிற்கவில்லை.

அவளுடைய குரல். அவளுடைய இருமல். இடையிடையே தௌசீஃபின் சிரிப்பு.

"எப்போங்க வருவீங்க?" என்று அந்தக் குரல் கேட்டது.

கதவைத் தள்ளினாள்.

உள்ளே யாரும் இல்லை. ஆஃபியா மட்டும். கட்டிலில் இல்லை. கட்டிலுக்கு மேலே, மடி உயரத்தில், எதன்மேலும் படாமல் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தோடு கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய எண்ணெய் தடவிய கூந்தல் மூன்றாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தானாகப் பின்னிக்கொண்டிருந்தது.

"அம்மா, வலிக்குது," என்றாள் குழந்தை, கௌசரைப் பார்க்காமல், தலையைப் பின்னால் திருப்பி.