நடுங்க வேண்டிய நாடி

காலை ஆறே காலுக்கு, ஏவுகணைக்குக் கட்டைவிரல் வைத்து ஒப்புதல் தரும் ஒப்புநர்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். நிறைமதி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நாடிக்காப்பை மாட்டி, முப்பது வினாடி திரையைப் பார்த்து, எண்ணைச் சொல்லி அனுப்புவாள். அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்பது. அறுபத்தாறு. எழுபதைத் தாண்டினால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். வடகரை ஏவுதளத்தில் அப்படி வீட்டுக்குப் போன ஒரு ஆளை அவள் பார்த்ததில்லை. அத்தனை பேரும் கல்நெஞ்சக்காரர்கள்.

ஆரூரன் மட்டும் கொஞ்சம் வில்லங்கம். அவன் கையைத் தொட்டதும் எண் எண்பதுக்கு எகிறிவிடும்.

"என்ன சார், மாடிப்படி ஏறி ஓடி வந்தீங்களா?"

"இந்தக் கட்டடத்துல மாடியே இல்லையே."

"அப்போ வேற ஏதோ கோளாறு."

அவன் காது சிவந்துபோகும். நிறைமதி தள்ளி நின்று, காப்பை அவனையே மாட்டிக்கொள்ளச் சொல்வாள். அறுபத்து மூன்று. அதைத்தான் பதிவு செய்வாள். முதல் எண் மேலிடத்துக்குப் போனால் அவனை மாற்றிவிடுவார்கள். மாற்றிவிட்டால் அவள் வந்த காரியம் கெட்டது. அவள் நாடான தென்கரையின் உளவுத்துறை அவளைப் பொய்ச் சான்றிதழோடு அந்த வேலையில் சேர்த்ததே ஆரூரனுக்காகத்தான்.

இயந்திரங்கள் தாமாகவே முடிவெடுத்துச் சுட்ட இரண்டு ஆண்டுகளில் கரையோரம் பாதி சாம்பலாகியிருந்தது. அதற்குப் பிறகு இரு நாடுகளும் சேர்ந்து போட்ட ஒரே கையெழுத்து இதற்குத்தான்: ஓர் ஊர் மீது ஏவுகணை போக வேண்டுமானால் அந்த ஊருக்கென்று நியமிக்கப்பட்ட ஒரு மனிதர் கட்டைவிரலை வைக்க வேண்டும். வைத்திருக்கும் முப்பது வினாடியும் நாடி அமைதியாக ஓட வேண்டும். பதறினால் ஏவுகணை பூட்டிக்கொள்ளும். பிறகு தொண்ணூறு நாளைக்கு அந்த ஊரை யாரும் தொட முடியாது. மனிதன் என்றால் பதறுவான் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள், பாவம். இரண்டு நாடுகளும் பதறாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டன.

ஆரூரனின் பொறுப்பில் இருந்த ஊர் வெண்மணல்துறை. நாற்பதாயிரம் பேர். நிறைமதியின் அக்கா செல்லக்கிளியும் அவளுடைய இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"அவனை உன்மேல பைத்தியமா ஆக்கு. நாள் குறிச்சதும் ஊருக்கு வந்துடு. நீ இங்க நிக்கிறேன்னு தெரிஞ்சா அவன் நாடி தானா பதறும்" என்று சொல்லித்தான் மேலதிகாரி தில்லையரசி அவளை அனுப்பியிருந்தார்.

எட்டு மாதம். சாயங்காலங்களில் உப்பளத்து வரப்பில் அவனோடு நடந்தாள். அவன் சுட்டுத் தந்த மக்காச்சோளத்தைத் தின்றாள். அவன் கட்டைக்குரலில் பாடியதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். நடிப்பு எந்த நாளில் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அவனிடம் முன்பு கொடுத்திருந்த ஊர் இன்று வரைபடத்தில் இல்லை; அது தெரிந்தும் அவன்மேல் உயிராக இருந்தாள். வெட்கம் கெட்ட மனசு, வேறென்ன சொல்ல.

செவ்வாய்க்கிழமை ஆணை வந்தது. வெள்ளி காலை பத்து மணி, வெண்மணல்துறை.

அவன் பெட்டகத்தில் ஒரு கடிதம் வைத்தாள். நான் யார், எந்த ஊர்க்காரி, எதற்கு வந்தேன் என்று ஒளிக்காமல் எழுதினாள். 'ஆனால் உங்கள் மேல் ஆசை வைத்தது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் நிற்பேன்' என்று முடித்துவிட்டுக் கழிமுகத்தைக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தாள்.

ஊரைக் காலி செய்யவில்லை. செய்தால் செயற்கைக்கோள் பார்த்துவிடும், வடகரை வேறொரு நாள் குறிக்கும். சந்தையில் வழக்கம்போல மீனும் கத்தரிக்காயும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு, பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

ஆரூரன்.

"வா, கழிமுகத்துல படகு கட்டியிருக்கேன். போயிடலாம்."

நிறைமதி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க எப்படி இங்க... அந்த நாற்காலியில யாரு இருக்கா?"

"இந்த ஊர் எனக்கு வேணாம்னு நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன். என் இடத்துக்குக் கோவர்த்தனனைப் போட்டாச்சு."

கோவர்த்தனனை அவளுக்குத் தெரியும். ஐம்பத்தொன்பது. எந்தக் காலையிலும் ஐம்பத்தொன்பது.

"நீங்க அங்க உட்கார்ந்திருந்தாப் போதுமே. என் கை பட்டாலே எகிறுமே உங்களுக்கு!"

"அது நீ பக்கத்துல இருக்கறப்ப. அந்த நாற்காலியில உட்கார்ந்தா உடம்பு வேற யாரோடதோ ஆயிடுது. உன் கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டே பயிற்சி அறையில பார்த்தேன். அறுபத்தொண்ணு. அசையலை. போன தடவையும் அப்படித்தான், எனக்கு அப்புறம்தான் நடுங்கும், நிறைமதி. ஆறு மாசம் நடுங்கிச்சு." அவன் அவள் கையைப் பிடித்தான். "உன் உயிரை வச்சு நான் சூதாடணுமா?"

"நிஜ நாற்காலியில பதறியிருந்தா?"

"பதறாம இருந்திருந்தா?"

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். அவள் கேட்டது ஊரை. அவன் வந்தது அவளுக்காக. இன்னும் கொஞ்சம் குறைவாக ஆசை வைத்திருந்தால் அவன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான். ஒருவேளை பதறியும் இருப்பான்.

"நான் படகுக்கு வரலை. அக்காவும் பிள்ளைங்களும் இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க."

பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஊருக்குக் கிழக்கே பழைய ரயில் சுரங்கம் ஒன்று உண்டு. ஓடினால் எட்டு நிமிடத்தில் போய்விடலாம். அவள் திடலின் நடுவே நின்று, சுரங்கத்துக்கு ஓடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். சிலர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பலர் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நான் எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்டான் ஆரூரன்.

அவள் இடதுபக்கத் தெருவைக் காட்டிவிட்டு, அக்கா வீடு இருந்த வலதுபக்கம் ஓடினாள்.

அவன் சால்வையை எறிந்துவிட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினான். "வெளிய வாங்க, சுரங்கத்துக்கு ஓடுங்க" என்று வடகரைப் பேச்சில் அலறினான். ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தவர்கள் எதிரியின் சீருடையைக் கண்டார்கள். அவசர அவசரமாகப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவுகளைத் தாழ் போட்டார்கள்.