விரிசல் பார்க்கும் விரல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவு சாத்தியிருக்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் நடுவில் எழுந்து போக வேண்டாம். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போவது இளமதியின் கதை. அவளைத் திட்டாமல் கேளுங்கள். திட்ட வேண்டியதை எல்லாம் அவளே தன்னைத் திட்டிக்கொண்டுவிட்டாள்.

விருத்தாசலத்தில் மாசிமகத்துக்குக் கொடியேறிய அன்று சாயங்காலம், இளமதி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து, விளக்கைப் போடச் சுவரைத் தடவினாள். சுவிட்சு அங்கே இல்லை. வழவழப்பான வெறும் சுவர்தான் கையில் பட்டது. கல்யாணமாகி ஆறு வருஷமாக அவள் குடியிருக்கிற வீடு அது.

"என்னா மதி, சொவத்துக்குத் தைலம் தேய்க்கிறியா?" பின்னால் வந்த அவள் கணவன் விருத்தகிரி சிரித்துக்கொண்டே, கதவின் மறுபக்கம் எட்டிச் சுவிட்சைப் போட்டான். ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் புழுதி தின்று வந்தாலும் சிரிக்கிற ஆள். "கறிவேப்பில வாங்கியாறேன்னு காலைல சொன்னியே, எங்க?"

காலையில். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் இளமதி. அவளுக்கு அந்தக் காலை கழிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

செராமிக் பட்டறை ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. சுட்டு எடுத்த கப்புகளை ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கி, வலது கை நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவாள். 'டிங்' என்று மணிபோல் ஒலித்தால் நல்லது; அது போகிற இடத்துக்குப் போகும். 'தொப்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது, அதை ஒதுக்கிவிடுவாள். பட்டறைக்குப் பின்னால், இருபது வருஷமாக அணைந்து கிடக்கும் நீளச் சூளை ஒன்று உண்டு. ரயில் பெட்டி மாதிரி நீளம், உள்ளே தண்டவாளம். அந்தக் காலத்தில் சுடாத பச்சைக் கப்பு அடுக்கிய தள்ளுவண்டியை ஒரு முனையில் உள்ளே தள்ளுவார்களாம், மறுமுனையில் சுட்ட கப்போடு ஒரு வண்டி வெளியே வருமாம். ஒன்று உள்ளே போகாமல் ஒன்று வெளியே வராது. அதன் இரும்புக் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவு திறந்தபடியே துருப்பிடித்து நின்றுவிட்டது. இளமதியின் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால், காம்பவுண்டு சுவருக்கு அப்பால் அந்தக் கதவுதான் தெரியும்.

அன்று மதியம் சூளையின் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே யாரோ கப்பு தட்டுகிற சத்தம் கேட்டது. யாரென்று பார்க்கத்தான் உள்ளே போனாள். இருட்டில் தண்டவாளத்தைக் காலால் தடவிக்கொண்டு நடந்து மறுமுனையில் வெளியே வந்தபோது, வெயில் அதே வெயிலாக இருந்தது. ஆனால் பட்டறை வாசலில் இருக்கிற பெரிய வேப்பமரம் அவள் இடுப்புயரக் கன்றாக நின்றது. சூளைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கப்பு தட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயர் ராஜமாணிக்கம். அவள் பிறப்பதற்கு முந்தைய காலம் அது.

திரும்பி உள்ளே ஓடினாள். மறுமுனையிலும் அதே காலம்தான் நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை, மாசிமகத்துக்குக் கொடியேறும்போது சூளையை அணைத்து ஆறப்போட்டு, பழுது பார்த்து, மகத்துக்கு மறுநாள் காலையில் மறுபடி மூட்டுவார்கள். அந்த வருஷம் அவளுக்குத் திரும்பிப் போக வழி திறக்கவில்லை, சூளையை மூட்டிவிட்டார்கள். ராஜமாணிக்கத்தின் அக்கா வீட்டில் இடம் கொடுத்தார்கள். அவரோடு உட்கார்ந்து கப்பு தட்டினாள். ஒருநாள் அவர் விரலை மடக்கி அவள் நெற்றியில் மெல்ல இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, "விரிசல் இல்ல புள்ள" என்றார். அவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. அடுத்த வருஷம் சூளை ஆறியபோது அதன் வாயில் நின்று எட்டிப் பார்த்தாள். தூரத்தில் பெரிய வேப்பமரம் தெரிந்தது. ஆட்டோ ஹாரன்கூடக் கேட்டது.

அவள் போகவில்லை. தாலிச் சங்கிலியைக் கழற்றித் துணியில் முடிந்து, சூளைச் சுவரின் ஒரு செங்கல் இடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவருக்குச் சோறு போட்டாள்.

இரண்டாம் வருஷம் மகத்தன்று காலையில், விருத்தகிரியின் முகம் நினைவுக்கு வரவில்லை. மூக்கு வந்தது, சிரிப்பு வந்தது, முகம் சேரவில்லை. அதில் மிரண்டுதான் கிளம்பினாள். ராஜமாணிக்கத்திடம், "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

"எங்க போற?"

"இங்கதான்."

"வரலன்னா நான் தேடிக்கிட்டு வருவேன், பாத்துக்க" என்றார் அவர், கையிலிருந்த கப்பைத் தட்டியபடியே.

சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்து விழுந்தபோது, அவள் விட்டுப்போன டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருந்த சாதம்கூடக் காய்ந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். போனைத் திறக்கிற பாஸ்வேர்டு அவளுக்கு மறந்துபோயிருந்தது. "எம்பேர எழுத்துக்கூட்டி வச்சிருந்தியா, அதான் மறந்துட்ட" என்று கிண்டல் செய்துவிட்டு விருத்தகிரியே திறந்து கொடுத்தான். மூன்றாம் நாள் அவளுக்குத் தலை துவட்டிவிடும்போது, "கழுத்துல செயின் தடம் வெள்ளையா கெடக்குமே, காணோம்?" என்று விரலால் தடவிப் பார்த்தான். வெயில் என்றாள். சரி என்றான். அவன் சந்தேகப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சாயங்காலமும் வாயைத் திறந்தாள். சொன்னால் இந்த வீடு போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் அவன் சவாரிக்குப் போன பிறகு, குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கும் ஜங்ஷனில் ரயில் பிரேக் போடுகிற கிறீச்சுக்கும் நடுவே, அடுப்பு மேடைக்கு மேலே பலகையில் இருந்த கப்பு ஒன்று மெல்ல ஒலித்தது. டிங், டிங். பிறகு ஒரு நிசப்தம். காற்று இல்லை, எலி இல்லை. அந்த இரண்டு ஒலியைவிட, அதற்குப் பின் வந்த நிசப்தம்தான் அவளைக் கரண்டியைக் கீழே வைக்கச் செய்தது. தலையைச் சாய்த்து யாரோ கேட்கிற அளவுக்குச் சரியாக நீண்டது அது. மறுநாள் அதற்குப் பக்கத்துக் கப்பு. அதற்கு மறுநாள் தண்ணீர்க் குடம். சுட்ட செங்கல்லும் சூளை எண்ணெயும் கலந்த காந்தல் வாசம், ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்து நின்றது.

எட்டாம் நாள், கூட வேலை செய்யும் தமிழ்மணி கேட்டாள்: "ஏண்டி, எந்நேரமும் அந்தப் பாழாப்போன சூளையவே பாத்துக்கிட்டு இருக்குற? அங்க போவாத. எங்க மாமனாரு இங்க வேல பாத்தப்ப நடந்தது. யாரோ ஒரு பொம்பள ஒருத்தரோட இருந்துட்டு, சொல்லாம கொள்ளாம போயிட்டாளாம். அந்த ஆளு மகத்தன்னிக்கி ராத்திரி அவளத் தேடிக்கிட்டு உள்ள போயிருக்காரு. யாருக்கும் தெரியல. காலைல மூட்டிட்டாங்க."

இளமதியின் கையில் இருந்த கப்பு கீழே விழவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. மறுமுனைல வண்டி வந்துச்சாம். ஆளு வரல. ஒரு எலும்புகூட வரல." தமிழ்மணி ஒரு கப்பைத் தட்டினாள். "அந்தப் பொம்பள மட்டும் எங்கயோ நல்லாத்தான் இருந்திருப்பா."

மகத்தன்று ஊர் முழுக்கக் கூட்டம். பழமலைநாதர் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. விருத்தகிரி மதியமே கிளம்பிவிட்டான். "இன்னிக்கி நல்ல சவாரி. இருட்டறதுக்குள்ள வந்துர்றேன் மதி. கறிவேப்பிலய நானே வாங்கியாறேன், உன்ன நம்புனா ரசம் நாறிரும்" என்றான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். வீடு போனால் போகட்டும்.

ஆறரை மணிக்குக் கரண்டு போனது. மெழுகுவத்தியைத் தேடி அலமாரியைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு, முன்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. யாரோ உள்ளே வந்தார்கள். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. களைத்து வரும் நாட்களில் விருத்தகிரி அப்படித்தான், ஒன்றும் பேசாமல் அதில் வந்து சாய்வான். மேளச் சத்தத்தில் ஆட்டோ வந்தது தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். இருட்டு நல்லதாகப் போயிற்று. முகம் பார்க்காமல் சொல்லலாம். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க. ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க. பேசுனா என்னால முடியாது."

நாற்காலி அசையவில்லை.

சொன்னாள். சூளைக்குள் போனதைச் சொன்னாள். இரண்டு வருஷத்தைச் சொன்னாள். ராஜமாணிக்கத்தின் பெயரைச் சொன்னாள், அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் இளகியதை மறைக்கவும் முடியவில்லை. வழி திறந்தும் வராமல் இருந்ததைச் சொன்னாள். சங்கிலியைக் கழற்றியதைச் சொன்னாள். "அவரு என்னத் தேடித்தான் உள்ள போயிருக்காரு. நான் ரெண்டு பேருக்கும் துரோகம் பண்ணிட்டேன். ஆனா எனக்கு நீங்கதாங்க வேணும். என்ன வெரட்டிராதீங்க."

எதிரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. காந்தல் வாசம் மட்டும் இருந்தது. மிகப் பக்கத்தில். இருட்டிலிருந்து ஒரு விரல் வந்து அவள் நெற்றியில் இரண்டு முறை மெல்லத் தட்டியது.

தொப். தொப்.

நிசப்தம்.

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

ஹெட்லைட் வெளிச்சம் ஜன்னல் கம்பி வழியாக அறையைக் கடந்தது. நாற்காலியில் இருந்தவர் சிறுத்துப் போயிருந்தார். சுட்டால் மண் சுருங்குமே, அந்த அளவு. கால் தரையைத் தொடவில்லை. முகம் வெள்ளையாக மினுங்கியது. இமை இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கேட்டது போதும் என்பதுபோல் இருந்தார்.

வெளிச்சம் சுவருக்குப் போனது. மறுபடி இருட்டு.

"மதி, கதவு ஏன் தொறந்து கெடக்குது?" விருத்தகிரியின் செருப்புச் சத்தம் படியில் ஏறியது.

வராதீங்க என்று கத்த வேண்டும். கத்தினால் ஏன் என்று கேட்பான். உள்ளே யார் என்று கேட்பான். ஒரே ஒரு நொடிதான், கண்ணுகளா. அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் உள்ளே வந்தான்.

டிங். டிங்.

மணி மாதிரி. துளி விரிசல் இல்லை.

கரண்டு வந்தது. வாசலில் கறிவேப்பிலைக் கொத்து கிடந்தது. ஆட்டோ சாவி கிடந்தது. அவன் இல்லை. நாற்காலியில் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். குரல் கப்புக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஒண்ணு உள்ள போனாத்தான ஒண்ணு வெளிய வரும், புள்ள."

சமையலறை ஜன்னலுக்கு அப்பால், சூளைக்குள்ளிருந்து, யாரோ உள்ளங்கையால் அறைகிற சத்தம். விரல் மடக்கித் தட்டத் தெரியாத ஆள். ஆட்டோவின் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டிப் பயணிகளைக் கூப்பிடுகிற கை.

ஓடினாள். சுவர் ஏறிக் குதித்தாள். இருபது வருஷமாக ஒருக்களித்து நின்ற இரும்புக் கதவு சாத்தியிருந்தது. இழுத்தாள். அசையவில்லை. உள்ளே, "மதி, இருட்டா இருக்குது, கதவத் தொற" என்றான் விருத்தகிரி. இன்னும் கோபமில்லாத குரல். அவள் திறப்பாள் என்று நம்புகிற குரல்.

கதவில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

அவளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, சின்னக் காலடிகள் தரையில் ஒலித்தன. டிங். டிங். கதவுக்கு அந்தப் பக்கம், அந்தக் காலத்தில், மகத்துக்கு மறுநாள் பொழுது விடிகிற நேரம், சூளையை மூட்டுகிற நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கையை எடுக்காமல் நின்றாள். இரும்பு மெல்லச் சூடேறத் தொடங்கியது.

அவ்வளவுதான், கண்ணுகளா. கையை விடுங்கள், விளக்கைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் போனவர்கள் எல்லாம் அன்றைக்கே திரும்பி வரட்டும். சொல்ல வேண்டியதை வெளிச்சத்தில் சொல்கிற தைரியம் உங்கள் எல்லோருக்கும் இருக்கட்டும். இருட்டில் உங்கள் கதவைத் திறந்து வருவது எப்போதும் உங்கள் ஆளாகவே இருக்கட்டும். உங்கள் அடுப்பு சோறாக்க மட்டும் எரியட்டும். நல்லா இருங்கள்.