டிக்கி காலியில்லை!

போன் அலறியது!

பல்தேவ் நாரங் குளியலறையில் நின்று நகக்கண்களை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் தேய்த்தான்.

காரணம்...

குருகிராமின் அந்த நாலு மாடி வீட்டின் தரைத்தளத்தில் அவனுடைய கறுப்பு செடான் நின்றது. அதன் டிக்கிக்குள் அவனுடைய பார்ட்னர் லக்பீர் சிங் மடங்கிக் கிடந்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எல்லோருக்கும் அவன் 'லக்கி'.

இன்று காலைவரை!

ஒரே ஃப்ளாட்டை மூன்று பேருக்கு விற்ற நாரங்கின் திறமை லக்கிக்குத் தெரிந்துவிட்டது. 'திங்கட்கிழமை போலீஸுக்குப் போறேன்டா' என்று முகத்துக்கு நேராகவே சொன்னான். சொல்லிவிட்டு முதுகைக் காட்டினான். விடுமுறை நாள். ஆளில்லாத ஆபீஸ். மூலையில் கோல்ஃப் மட்டை...

டொப்!

இருட்டியதும் ஆரவல்லிக் காட்டுப் பக்கம். கைவிடப்பட்ட கல்குவாரி. திட்டம் அவ்வளவுதான். அதற்குள் ஒரு குளியல்.

ஈரக் கையால் போனை எடுத்தான். மனைவி சுனைனா.

"ஏங்க! ஹேப்பி தந்தேரஸ்!"

தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தைய அந்த நாளில் வீட்டுக்கு ஏதாவது உலோகம் வாங்கி வர வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். சிலர் கரண்டி வாங்குவார்கள். சிலர் தங்கம்.

சுனைனா?

"ஷோரூம்ல இருக்கேன்! உங்க கறுப்புச் சனியனை எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டு, வெள்ளை எஸ்.யூ.வி. எடுத்துட்டேன்! சர்ப்ரைஸ்!"

பிரஷ் தரையில் விழுந்தது.

"எதை... எதைத் தள்ளிட்டே?"

"அந்தச் செடானைத்தான்! ஸ்பீடு பிரேக்கர்ல வயிறு தேய்க்குது. ஏறி இறங்கினா எனக்கு முட்டி வலிக்குது. ஜூலையில சுரங்கப்பாதைத் தண்ணியில நடுவுல செத்துச்சா இல்லையா?"

"சுனைனா, நான் சொல்றதைக் கேளு..."

"நாம முழங்கால் தண்ணியில நிக்கறோம். குரோவர் வீட்டு எஸ்.யூ.வி. படகு மாதிரி போகுது. மிசஸ் குரோவர் கண்ணாடிய இறக்கி எனக்கு டாட்டா காட்டினா! டாட்டா! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அவள் கோபத்தில் அறிவியல் இருந்தது. எஞ்சினும் மூச்சு விடும். அதற்கும் மூக்கு உண்டு. செடானுக்கு மூக்கு தாழ்வு. தண்ணீர் அதில் ஏறினால் கதை முடிந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அழுத்தப் போன இரும்புத் தண்டு வளைந்துவிடும். எஸ்.யூ.வி.க்கு மூக்கு உயரம். அதே பள்ளம், அதே தண்ணீர்... அது சிரித்துக்கொண்டே போகும்.

நாரங்குக்கு இப்போது மூச்சே வரவில்லை!

"வண்டி எங்கே சுனைனா?"

"கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்! நல்ல குர்தாவாப் போட்டு ரெடியா இருங்க!"

போன் துண்டானது. திரும்ப அடித்தான். எடுக்கவில்லை.

துண்டைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஜன்னலுக்கு ஓடினான். அங்கிருந்து கார்கள் தெரியாது. பேண்ட், சட்டையை மாட்டிக்கொண்டு படிகளில் பாய்ந்தான்.

கீழே...

காலி!

அவனுடைய கறுப்பு செடான் எப்போதும் நிற்கும் இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை.

"பிஜேந்தர்! டேய் பிஜேந்தர்!"

காவலாளி இல்லை. தெருவில் யாரோ டோலக் அடித்தார்கள். பட்டாசு வெடித்தது. கட்டடம் முழுக்கச் சாமந்தித் தோரணம். ஒரு மஞ்சள் துணி மேலிருந்து தொங்கி, நாரங்கின் காதில் உரசியது. அலங்காரத்துக்குக் கணக்கே இல்லாமல் போய்விட்டது இந்த வீட்டில்! எரிச்சலோடு அதைத் தட்டிவிட்டு வாசலுக்கு ஓடினான்.

வாடகைக் கார் கிடைத்தது. ரோடு கிடைக்கவில்லை. தந்தேரஸ் அன்று குருகிராமில் எல்லோருமே எதையாவது வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஹாரன் அடிப்பா!"

"அடிச்சா மட்டும் பறக்குமா சாப் ஜி? முன்னாடி பாருங்க, பித்தளைக் குடத்தோட ஒரு குடும்பமே ஸ்கூட்டர்ல போகுது. அதைத் தாண்டித்தான் நாம."

ஷோரூமில் கல்யாணக் கூட்டம்!

ஒவ்வொரு வண்டிக்கும் சிவப்பு ரிப்பன். பண்டிட் ஒருவர் பானெட் பானெட்டாகக் குங்குமத்தில் ஸ்வஸ்திகம் வரைந்தபடி போனார். விற்பனையாளன் மோஹித் சபர்வால் தட்டோடு பாய்ந்து வந்தான்.

"நாரங் சார் ஜி! வாழ்த்துகள்!"

"என்னோட பழைய வண்டி எங்..."

வாயில் ஒரு லட்டு நுழைந்தது!

"முதல்ல வாயை இனிப்பாக்குங்க. மேடம் அப்பவே கிளம்பிட்டாங்க. வண்டியா அது? மாளிகை சார்! பின்னாடிக் கதவு இருக்கே, கையே வேண்டாம். சாவி பாக்கெட்ல இருந்தாப் போதும். பம்பருக்கு அடியில காலை இப்படி ஒரு வீசு வீசினா..."

"ம்ம்... ம்ம்ம்!"

"கரெக்ட்! தானாத் திறக்கும்! அடியில சென்சார் இருக்கு. காலைப் பார்க்கும், சாவியை மோப்பம் பிடிக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும். தெருநாய் போனா திறக்காது."

நாரங் லட்டை விழுங்கினான்.

"செடான்! என் கறுப்புச் செடான்! அது எங்கே?"

"அதுவா?" மோஹித் கணினியைத் தட்டினான். "வாங்கியாச்சுன்னு இருக்கே சார். பின்னாடி யார்டுல நிக்கும்."

"யாராவது டிக்கியைத் திறந்தாங்களா?"

"மதிப்புப் போடறவர் இனிமேதான் திறப்பார். ஏன் சார்? ஏதாவது விட்டுட்டீங்களா?"

"கோ... கோல்ஃப் செட்."

"அட, பையனை அனுப்பி எடுத்..."

"யாரும் போகக் கூடாது!"

அக்கம்பக்கம் திரும்பியது. பண்டிட்டின் குங்கும விரல் நின்றது. மேலாளர் ஓடி வந்தார். பதறிய வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்தது ஒரே வழி.

"சார் ஜி, பர்ஃபி..."

"பர்ஃபியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

வாய்க்குள் போன பர்ஃபியோடு பின்வாசலுக்கு ஓடினான்.

யார்டு.

நாரங் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சுனைனா மட்டும்தானா ஜூலை மழையில் முடிவெடுத்தாள்? ஊரே எடுத்திருந்தது! வரிசை வரிசையாகச் செடான்கள். உயரத்துக்கு ஆசைப்பட்டவர்கள் விட்டுப்போன தாழ்ந்த வண்டிகள். கறுப்பு, கறுப்பு, மறுபடியும் கறுப்பு! பாதிக்கு உறை போட்டிருந்தது. பலவற்றில் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டார்கள்.

தன்னிடமிருந்த சாவியின் பொத்தானை அழுத்தினான். இன்னொரு சாவி சுனைனாவிடம்.

எந்த விளக்கும் சிமிட்டவில்லை.

இன்னொரு தடவை. கையை உயர்த்தி. ஓடிக்கொண்டே.

ம்ஹூம்!

செடான் டிக்கியை அவன் ஏன் அத்தனை நேசித்தான் தெரியுமா? அது தனி அறை. சீட்டுக்குப் பின்னால் தடுப்பு, மேலே இரும்பு மூடி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. எஸ்.யூ.வி. டிக்கி அப்படியில்லை. அது ஹாலின் பின்பகுதி. மூன்று பக்கமும் கண்ணாடி. பிணம் வைத்தால் சிக்னலில் நிற்கிற பலூன்காரன்கூடப் பார்த்துவிடுவான்!

அந்த அருமையான தனி அறை இப்போது இந்தக் கூட்டத்தில் எங்கே?

உறைகளைப் பிடுங்கினான். ஒவ்வொரு டிக்கி மூடியையும் இழுத்தான். பூட்டு. பூட்டு. கீழே கிடந்த ஜாக்கிக் கம்பி கண்ணில் பட்டது. அவன் வண்டியைப் போலவே இடது மூலையில் கீறல் விழுந்த ஒரு கறுப்பு செடான்...

இதுதான்!

கம்பியைச் செருகி நெம்பினான்.

'கிர்ரக்!'

உள்ளே ஒரு கிரிக்கெட் மட்டை. ஒற்றைச் செருப்பு. யாரோ சாப்பிட்டு எறிந்த சிப்ஸ் பாக்கெட்.

"சார் ஜி! என்ன பண்றீங்க? அது சர்மா சாரோட வண்டி!" மோஹித் மூச்சிரைக்க நின்றான். பின்னால் ஐந்தாறு பேர். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள்.

நாரங் உடைந்தான். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் பொங்கியது.

"என் வண்டியைக் கொடுங்கடா! டிக்கியில என்ன இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்! நான் வெச்சேன், நானே எடுத்துக்கறேன்! வேற எவனும் அந்த டிக்கியைத் திறக்கக் கூடாது!"

"யாரும் திறக்கல நாரங் சாஹிப். அமைதி... அமைதி."

கனமான குரல். காக்கிச் சட்டை. இன்ஸ்பெக்டர் தஹியா, ரோட்டக் பக்கத்து ஆள். பேச்சில் எப்போதும் எருமை மாட்டுக்கு வழி விடுகிற நிதானம்.

அவருக்குப் பின்னால் ரிப்பன் கட்டிய வெள்ளை எஸ்.யூ.வி. மெதுவாக உருண்டு வந்து நின்றது. சுனைனா இறங்கினாள்.

"என்னங்க இது கூத்து? மோஹித் போன் மேல போன் போடறான், உங்க வீட்டுக்காரர் டிக்கி டிக்கியா இழுத்துப் பார்க்கறார்னு!"

"நீ ஏன் போனை எடுக்கல?"

"பேசிட்டே இருந்தேன். செடானுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அது நம்ம வீட்டுலதான் நிக்குது!"

நாரங் கம்பியைக் கீழே போட்டான்.

"வீ... வீட்டுலயா? இடம் காலியா இருந்துச்சே!"

"கீழ காலி. மேல பார்த்தீங்களா?"

கொஞ்சம் பொறுங்கள். அந்த வீட்டுத் தரைத்தளத்தில் ஒரு வண்டி இடத்தில் இரண்டு வண்டி நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்புத் தட்டு. வண்டியைத் தட்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால், எண்ணெய் அழுத்தத்தில் தட்டு வண்டியோடு மேலே போய் நின்றுகொள்ளும். கீழே இன்னொன்றை நிறுத்தலாம். நாரங் இதுவரை அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. புது வண்டிக்கு இடம் வேண்டுமென்று சுனைனா ஷோரூமிலிருந்து போனில் சொல்ல, காவலாளி பிஜேந்தர் அழுத்தினான்.

செடான் எங்கேயும் போகவில்லை. உயர்ந்தது. அவ்வளவுதான்!

"எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டேன்னியே?"

"கையெழுத்துதான் போட்டேன். போனஸ் இன்னியோட முடியுதுன்னு இந்தப் பையன் கம்ப்யூட்டர்ல 'வாங்கியாச்சு'ன்னு போட்டுக்கிட்டான். தந்தேரஸ் அன்னிக்கு வீட்டு இரும்பை வெளிய அனுப்புவாங்களாங்க? லக்ஷ்மியும் கூடவே கிளம்பிட மாட்டாளா? பஞ்சாபி வீட்டுல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

நாரங் சிரித்தான்.

வயிறு குலுங்கச் சிரித்தான். காலையிலிருந்து முதல் முறையாகக் காற்று நுரையீரல்வரை போனது. மோஹித்தின் தட்டிலிருந்து ஒரு லட்டைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இனித்தது!

"சர்மா சாரோட பூட்டுக்கு நான் பொறுப்பு. சாரி இன்ஸ்பெக்டர் சாப். கிளம்பலாமா சுனைனா?"

"கிளம்பலாம். புது வண்டி டிக்கியைப் பார்க்க வேண்டாமா?" அவள் சிரிக்கவில்லை.

சாவி அவள் கைப்பையில் இருந்தது. பம்பருக்கு அடியில் காலை வீசினாள்.

'உய்ய்ய்ய்ங்...'

பின்கதவு தானாக உயர்ந்தது.

பின் சீட்டுகள் மடிக்கப்பட்டிருந்தன. மெத்தை விரித்திருந்தது. அதன்மேல் ஒருவன் தலையில் கட்டோடு, கால்களைச் சொகுசாக நீட்டிப் படுத்திருந்தான். மடியில் மடித்து வைத்த நீளமான மஞ்சள் துணி.

லட்டு நாரங்கின் வாயிலேயே நின்றது.

"ல... லக்கி!"

"சத் ஸ்ரீ அகால், பார்ட்னர்."

தஹியா நாரங்கின் தோளில் கை போட்டார். "தலைப்பாகைன்னா என்னன்னு நினைச்சீங்க? அஞ்சாறு மீட்டர் துணி. கஞ்சி போட்டு, மடிப்பு மேல மடிப்பு. அடி ஒரே இடத்துல இறங்காது, சுத்திப் பரவிடும். மயக்கம் வரும். மரணம் வராது."

"தட்டு உயர்ந்தப்ப ஆட்டத்துல முழிச்சேன்டா," என்றான் லக்கி. "இருட்டுல ஒரு கைப்பிடி பச்சையா மின்னிச்சு. குழந்தைங்க மாட்டிக்கிட்டா உள்ளேர்ந்து திறக்க வெச்சது. இழுத்தேன். டிக்கி ஒரு சாண் திறந்துச்சு, சீலிங் இடிச்சு நின்னுடுச்சு. கத்தக் குரல் இல்ல. தலைப்பாகையை அவிழ்த்து வெளிய விட்டேன். ஒருத்தன் வந்தான். வாஹேகுருன்னு கும்பிட்டேன். அந்த நாய் அதைத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டான்!"

மஞ்சள் துணி...

காதில் உரசிய மஞ்சள் துணி!

"அப்புறம் நான் புது வண்டியைக் கீழ நிறுத்தப் போனேன். இந்தத் துணி கண்ணாடி மேலயே வந்து விழுந்துச்சு. வண்டியை இறக்கச் சொன்னேன், போலீஸைக் கூப்பிட்டேன்," என்றாள் சுனைனா. "சர்ப்ரைஸ்னு நான் நினைச்சேன். நீங்க என்னையே ஜெயிச்சுட்டீங்க."

நாரங் சட்டென்று நிமிர்ந்தான்.

"நான் இல்ல! ஆபீஸ்ல யாரோ அடிச்சு என் வண்டியில போட்டிருக்கான்! லக்கி, நீ முகத்தைப் பார்த்தியா?"

"இல்ல," என்றான் லக்கி. "பின்னாலேர்ந்து அடிச்சான்."

"கேட்டீங்களா இன்ஸ்பெக்டர் சாப்!"

"கேட்டேன்." தஹியா தலையை ஆட்டினார். "உண்மையாச் சொல்றேன், அதுதான் எனக்கும் தலைவலியா இருந்துச்சு. நீங்க குர்தா போட்டுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தா, உங்களை மடக்க நான் அலையா அலைஞ்சிருப்பேன். அதுக்குள்ள மோஹித் போன் வந்துச்சு. கொஞ்சம் முந்தி என்ன கத்தினீங்க? 'நான் வெச்சேன், நானே எடுத்துக்கறேன்.' தம்பி, படம் தெளிவா விழுந்திருக்கா?"

"ஹெச்.டி.ல இருக்கு சார் ஜி!"

விலங்கு 'கிளிக்'கென்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழிதான்," என்றார் தஹியா. "உங்க மூஞ்சியைப் பார்க்காம போக மாட்டேன்னு இவர் ஒரே அடம்."

நாரங் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான்.

பின்கதவு மெல்ல இறங்கத் தொடங்கியது. அது மூடுவதற்குள் லக்கி தலையைத் தூக்கிக் கூப்பிட்டான்.

"டேய் பல்தேவ்! இதை நேத்தே வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா? நானும் காலை நீட்டிச் செத்திருப்பேன்ல!"